தமிழ் வழியாகக் கொரிய இலக்கணம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"ஒஜே நேகா போன் யொங்ஹ்வாகா ஜேமி இஸ்ஸொஸ்ஸொயோ."

இந்தக் கொரிய வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, அடியில் தமிழ் எழுதிப் பாருங்கள். ஒஜே என்றால் நேற்று. நேகா, நான். போன், பார்த்த. யொங்ஹ்வாகா, படம். ஜேமி, சுவாரசியம். இஸ்ஸொஸ்ஸொயோ, இருந்தது. நேற்று நான் பார்த்த படம் சுவாரசியமாக இருந்தது. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. இதையே ஆங்கிலத்தில் சொன்னால் படம் முன்னே ஓடும், நேற்று பின்னால் போகும்.

நம்மில் பெரும்பாலோர் கொரிய மொழியை ஆங்கிலப் பாடங்கள் வழியாகத்தான் படிக்கத் தொடங்குகிறோம். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், கொரிய மொழியை மிகக் கடினமான மொழிகளின் பட்டியலில் வைத்து, 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது. அந்தக் கணக்கு ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்குப் போட்டது. அதைப் படித்துவிட்டு நாம் பயப்படத் தேவையில்லை.

நானும் முதல் நான்கு மாதம் ஆங்கில வழியில்தான் படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாகத் திருப்பித் திருப்பி மூளை களைத்துப் போகும். அப்புறம் ஒரு நாள், நோட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரி, மேலே கொரியம், கீழே தமிழ் என்று எழுத ஆரம்பித்தேன். அன்று ஒரே இரவில் இருபது வாக்கியங்கள் புரிந்தன. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டு வரி முறைதான்.

முதலில் எழுத்து, ஒரு வாரம்

இங்கே கொரிய ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுகிறேன். இது ஓர் ஊன்றுகோல் மட்டுமே. ஹங்குல் எழுத்தைப் படிக்காமல் இலக்கணத்துக்குள் போகாதீர்கள். செஜோங் மன்னர் காலத்தில் 1443இல் உருவாகி 1446இல் மக்களுக்கு அறிவிக்கப்பட்ட எழுத்து அது. சீன எழுத்துகளைப் படிக்க வாய்ப்பில்லாத எளிய மக்களும் எழுதப் படிக்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. அடிப்படை எழுத்துகள் 24: மெய் 14, உயிர் 10. ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்கும். கட்டத்தின் அடியில் இன்னொரு மெய் வரலாம். உயிர்மெய் என்ற எண்ணம் நமக்கு ஏற்கெனவே இருப்பதால் இது எளிதில் பிடிபடும்.

ஒலியில் தமிழருக்கு மூன்று இடங்களில் அதிர்ஷ்டம். ஒன்று, சொல்லின் தொடக்கத்தில் வல்லினமாகவும் நடுவில் மென்மையாகவும் ஒலிப்பது. கொரியத்தில் இறைச்சிக்குக் "கோகி" என்று பெயர். இரண்டு எழுத்துக்கும் ஒரே மெய்தான். ஆனால் முதல் க வலிந்தும், இரண்டாவது க "பகல்" என்பதில் வருவது போல மெலிந்தும் ஒலிக்கும். தமிழில் எழுதி இயல்பாக வாசித்தாலே சரியாக வந்துவிடுகிறது. மூக்கொலிக்குப் பின்னாலும் அப்படியே. "கோங்பு" என்பதில் வரும் பு, நம் "அன்பு" போலத்தான்.

இரண்டு, நம் குற்றியலுகரம். "காசு", "பாட்டு" என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் அந்த உகரம் கொரியத்தில் தனி உயிரெழுத்து. ஆங்கிலப் பாடங்கள் இதை விளக்க ஒரு பக்கம் செலவழிக்கும். நமக்குக் "காசு" என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

மூன்று, ஒற்று இரட்டிப்பது. அப்பா என்பதைக் கொரியரும் "அப்பா" என்றே அழைக்கிறார்கள், அதே அழுத்தத்தோடு.

அதிர்ஷ்டம் இல்லாத இடம், மூச்சுவிட்டுச் சொல்லும் மெய்கள். "தல்" என்றால் நிலா. "த்தல்" என்றால் மகள். மூச்சைத் தள்ளி "த்ஹல்" என்றால் முகமூடி. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். மூன்றாவது சொல்லுக்கு மட்டும் காகிதம் நன்றாக ஆட வேண்டும். கீழே க்ஹ, ப்ஹ, த்ஹ என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் இந்த மூச்சு உண்டு.

வினை கடைசியில்

வாக்கிய அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. "ஜொனுன் பபுல் மொகொயோ": நான் சோற்றைச் சாப்பிடுகிறேன். காலமும் இடமும் முன்னே வரும், வினை கடைசியில் வந்து முடிக்கும். சூழலில் தெரிந்துவிட்டால் "நான்" தேவையில்லை. "மொகொயோ" என்றாலே முழு வாக்கியம். மழை பெய்தால் "பிகா வயோ" என்பார்கள். பி என்றால் மழை, வயோ என்றால் வருகிறது. மழை வருகிறது என்று நாம் சொல்வதேதான்.

கேள்விக்கு நாம் "ஆ" சேர்க்க வேண்டும்; கொரியத்தில் குரலை உயர்த்தினால் போதும். "மொகொயோ?" சாப்பிடுகிறீர்களா?

உருபுகள்

கொரியத்தில் பெயர்ச்சொல்லோடு உருபு ஒட்டிக்கொண்டு வரும். எழுதும்போதும் இடைவெளி விடுவதில்லை. தெளிவுக்காக இங்கே கோடு போட்டுக் காட்டுகிறேன்.

"ஐ" உருபுக்கு உல் அல்லது ருல். சொல் மெய்யில் முடிந்தால் உல், உயிரில் முடிந்தால் ருல். பப்-உல் என்பது சேர்ந்து "பபுல்" ஆகும். கடல் என்பதோடு ஐ சேர்ந்து கடலை ஆவது போல. இரண்டு வடிவம் எதற்கு என்று தோன்றலாம். மீனா என்பதோடு ஐ சேரும்போது நடுவில் ஒரு வகரம் போட்டு "மீனாவை" என்கிறோம் இல்லையா, அதே சிக்கலுக்குக் கொரியர் கண்ட தீர்வு இது. உயிரும் உயிரும் மோதாமல் இருக்க நாம் நடுவில் ஒரு மெய்யை நுழைக்கிறோம், அவர்கள் உருபையே மாற்றுகிறார்கள்.

"உம்" என்பதற்குத் தோ. ஜொ-தோ, நானும். சின்கு-தோ, நண்பனும். மட்டும் என்பதற்கு மன், வரை என்பதற்குக் க்காஜி. ஒரு சின்ன வேறுபாடு: நாம் "சோற்றையும்" என்று ஐ, உம் இரண்டையும் அடுக்குவோம். கொரியத்தில் தோ வந்தால் உல் போய்விடும். பப்-தோ மொகொயோ, அவ்வளவுதான்.

இப்போது தமிழ் நம்மை ஏமாற்றும் ஓர் இடம். "பள்ளியில் இருக்கிறேன்", "பள்ளியில் படிக்கிறேன்" இரண்டிலும் நமக்கு ஒரே "இல்" தான். கொரியம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. சும்மா ஓரிடத்தில் இருந்தால் எ: ஹக்க்யோ-எ இஸ்ஸொயோ. அங்கே ஒரு செயலைச் செய்தால் எஸொ: ஹக்க்யோ-எஸொ கோங்புஹேயோ. போகிற இடத்துக்கும் எ தான்: ஹக்க்யோ-எ கயோ, பள்ளிக்குப் போகிறேன். வருகிற இடத்துக்கு எஸொ: ஸொஉல்-எஸொ வஸ்ஸொயோ, சியோல் நகரிலிருந்து வந்தேன். இந்த நான்கு வாக்கியங்களையும் மனப்பாடமே செய்துவிடுங்கள். விதியை யோசிப்பதைவிட அது வேகம்.

அப்புறம், "கு" உருபு இடத்துக்கு வந்தால் எ, ஆளுக்கு வந்தால் ஹன்த்ஹே. சின்கு-ஹன்த்ஹே, நண்பனுக்கு.

னுன், கா: இங்கே நிதானமாக நில்லுங்கள்

எழுவாய்க்குத் தமிழில் உருபு இல்லை. கொரியத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று உன்/னுன், இன்னொன்று இ/கா. (மெய்க்குப் பின் உன், இ, உயிருக்குப் பின் னுன், கா.) புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. ஆண்டுக்கணக்கில் படித்தவர்களும் சில சமயம் யோசிப்பார்கள். ஆனால் தமிழில் பேச்சைக் கவனித்தால் இதற்கு ஒரு வழி தெரியும்.

யாராவது "மீனா எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்கிறோம்? "மீனாவா? அவள் ஊருக்குப் போய்விட்டாள்." அந்த "மீனாவா?" எதற்கு? இப்போது பேசப்போவது மீனாவைப் பற்றி என்று ஒரு பலகை மாட்டுகிறோம். அதுதான் னுன். மினா என்ற பெயர் கொரியாவிலும் உண்டு. "மினா-னுன்" என்றால் "மீனாவைப் பற்றிச் சொல்வதானால்" என்று காதில் விழ வேண்டும்.

"யார் வந்தது?" என்று கேட்டால் "மீனாதான்" என்போம். இங்கே வந்தது தெரிந்த செய்தி, ஆள் யார் என்பது புதுச் செய்தி. அதற்குக் கா. "நுகா வஸ்ஸொயோ?" யார் வந்தது? "மினா-கா வஸ்ஸொயோ." மீனா வந்தாள். கேள்விச் சொல்லில் கா இருந்தால் பதிலிலும் கா. கேள்விச் சொல்லோடு னுன் ஒருபோதும் ஒட்டாது. இந்த ஒரு விதியை மட்டும் முதல் மாதத்துக்குக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

னுன் இன்னொரு வேலையும் செய்யும். "மினா-னுன் வஸ்ஸொயோ" என்று னுன் மேல் கொஞ்சம் அழுத்திச் சொன்னால், மீனா வந்துவிட்டாள், மற்றவர்கள் வரவில்லை என்ற பொருள் தொனிக்கும். "கோகி-னுன் அன் மொகொயோ" என்றால், "கறின்னா சாப்பிடறதில்லை", மற்றதெல்லாம் சாப்பிடுவேன். சைவ உணவுக்காரர்கள் கொரியா போகும் முன் படிக்க வேண்டிய முதல் வாக்கியம் இது என்பேன்.

எனக்கு என்று தொடங்கும் வாக்கியங்கள்

எனக்குத் தலை வலிக்கிறது. எனக்குக் காபி பிடிக்கும். எனக்கு அண்ணன் இருக்கிறார். இந்த "எனக்கு" வந்தவுடன் கை தானாக ஹன்த்ஹே எழுதப் போகும். எழுதாதீர்கள். இங்கே ஜொ-னுன் தான் வரும். வலிக்கிற தலை, பிடிக்கிற காபி, இருக்கிற அண்ணன் ஆகியவை கா எடுக்கும்.

ஜொ-னுன் மொரி-கா அப்ஹாயோ: எனக்குத் தலை வலிக்கிறது.
ஜொ-னுன் க்ஹொப்ஹி-கா ஜோஆயோ: எனக்குக் காபி பிடிக்கும்.
ஜொ-னுன் ஓப்பா-கா இஸ்ஸொயோ: எனக்கு அண்ணன் இருக்கிறார்.

கொரிய இலக்கணப் பாடங்களில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம், யானையைப் பற்றியது: க்ஹோக்கிரி-னுன் க்ஹோ-கா கிரொயோ. யானைக்கு மூக்கு நீளம். ஒரே வாக்கியத்தில் இரண்டு எழுவாயா என்று மற்றவர்கள் குழம்புவார்கள். நாம் "யானைக்கு" என்று சொல்லிப் பழகியதால், யானையைப் பற்றிய பேச்சு, அதில் மூக்கு நீளம் என்று சட்டெனப் புரிகிறது. க்கு இருக்கும் இடத்தில் னுன் போட்டால் முடிந்தது.

அந்த மூன்றாவது வாக்கியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. "வைத்திருக்கிறேன்" என்ற ஆங்கில வழக்கு இரண்டு மொழியிலும் தேவையில்லை. இருக்கிறது என்றால் இஸ்ஸொயோ, இல்லை என்றால் ஒப்ஸொயோ. ஓப்பா-கா ஒப்ஸொயோ, அண்ணன் இல்லை.

இங்கேதான் நம் பழைய இலக்கணம் கைகொடுக்கிறது. தமிழில் இல்லை வேறு, அல்ல வேறு என்று பள்ளியில் படித்திருப்போம். இன்று பேச்சில் இரண்டையும் கலந்துவிட்டோம். கொரியத்தில் அந்த வேறுபாடு கறாராக இருக்கிறது. இல்லை என்றால் ஒப்ஸொயோ. அல்ல என்றால் அனிஎயோ. "ஹக்ஸேங்-இ ஒப்ஸொயோ" என்றால் மாணவர் யாரும் இல்லை. "ஹக்ஸேங்-இ அனிஎயோ" என்றால் மாணவர் அல்ல.

தமிழர் செய்யும் பெரும் பிழை ஒன்றையும் இதோடு சொல்லிவிடுகிறேன். "நான் மாணவன்" என்று நாம் வினையே இல்லாமல் நிறுத்திவிடுவோம். கொரியத்தில் முடியாது. "ஜொ-னுன் ஹக்ஸேங்-இஎயோ" என்று இஎயோ சேர்க்க வேண்டும். பெயர்ச்சொல் உயிரில் முடிந்தால் அது "யெயோ" என்று சுருங்கும். என் முதல் நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையில் அதிகம் சுழித்திருப்பது இந்த விடுபட்ட இஎயோவைத்தான்.

வினையைத் திருப்புவது

அகராதியில் எல்லா வினையும் "தா" என்று முடியும். கதா (போ), ஓதா (வா), மொக்தா (சாப்பிடு), மஷிதா (குடி), போதா (பார்), ஹதா (செய்), ஜதா (தூங்கு), ஸதா (வாங்கு), பேஉதா (கற்றுக்கொள்), மன்னதா (சந்தி), ஜுதா (கொடு). தாவை வெட்டினால் பகுதி கிடைக்கும். பகுதியின் கடைசி உயிர் அ அல்லது ஓ என்றால் "ஆயோ", மற்ற எல்லாவற்றுக்கும் "ஒயோ". ஹதா மட்டும் தனி, அது ஹேயோ ஆகும்.

மொக்+ஒயோ, மொகொயோ. க+ஆயோ, கயோ, ஒரே உயிர் இரண்டு வந்தால் ஒன்று போதும். ஓ+ஆயோ வேகமாகச் சொன்னால் வயோ. மஷி+ஒயோ, மஷ்யொயோ. இவற்றை வாய்விட்டு வேகமாகச் சொல்லுங்கள், சுருக்கம் தானாக வரும்.

பெரிய நிம்மதி: நான், நீ, அவள், அவர்கள் எல்லோருக்கும் ஒரே கயோ. போகிறேன், போகிறாய், போகிறாள் என்று பால், இடம் பார்த்து மாற்றுகிற நமக்கு இது விடுமுறை மாதிரி. இறந்த காலத்துக்கு நடுவில் அஸ்ஸ் அல்லது ஒஸ்ஸ்: கஸ்ஸொயோ (போனேன்), மொகொஸ்ஸொயோ (சாப்பிட்டேன்). எதிர்காலத்துக்கு "ல் கொயெயோ": கல் கொயெயோ, மொகுல் கொயெயோ. தமிழில் "நாளைக்கு ஊருக்குப் போகிறேன்" என்று நிகழ்காலத்திலேயே சொல்வது போல அவர்களும் கயோ என்று சொல்லிவிடுவார்கள்.

மறுப்புக்கு வினைக்கு முன்னால் அன். அன் கயோ, போகவில்லை. முடியாது என்றால் மோத். தமிழில் மறுப்பு வாலில் வரும், இங்கே முன்னால். பழக ஒரு வாரம் ஆகும்.

ஹதா என்பதை நான் "பண்ணு" என்றே நினைவில் வைத்திருக்கிறேன். போன் பண்ணு, ஷாப்பிங் பண்ணு, வேலை பண்ணு என்று எந்தப் பெயரோடும் ஒட்டிக்கொள்ளும் அதே வினை. ஷ்யோப்ஹிங்-ஹதா, ஷாப்பிங் பண்ணு. மறுக்கும்போது அன் நடுவில் நுழையும்: கோங்பு அன் ஹேயோ, படிப்பதில்லை.

அழகு, உயரம், சூடு போன்றவையும் கொரியத்தில் வினைகளே. "க்கோச்-சி யெப்பொயோ" என்றால் பூ அழகாக இருக்கிறது. தனியாக இஎயோ சேர்க்கக் கூடாது. பெயருக்கு முன் வைத்தால் "யெப்புன் க்கோத்", அழகான பூ.

ங்க என்றால் யோ

கொரியத்தின் மரியாதை வடிவங்களைப் பற்றிப் பயமுறுத்தாத பாடமே கிடையாது. கோயம்புத்தூர்ப் பக்கம் பேசிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வா, வாங்க. இரண்டுக்கும் வேறுபாடு அந்த "ங்க". கொரியத்தில் வா, வயோ. யோவை எடுத்துவிட்டால் நெருங்கிய நண்பர், தம்பி தங்கையிடம் பேசும் பேச்சு. யோ போட்டால் மரியாதை. தெரியாதவரிடம், மூத்தவரிடம், கடைக்காரரிடம் யோ இல்லாமல் பேசக் கூடாது. செய்தி வாசிப்பு, மேடைப் பேச்சு, அலுவலகக் கூட்டம் என்றால் இன்னும் கறாரான "ஸும்னிதா" வடிவம் வரும். இப்போதைக்கு அதைக் கேட்டால் புரிந்தால் போதும்.

இன்னும் ஒரு படி. "அப்பா வந்துட்டாருங்க." இதில் இரண்டு மரியாதை இருக்கிறது, கவனித்தீர்களா? "ஆரு" அப்பாவுக்கு. "ங்க" கேட்டுக்கொண்டிருப்பவருக்கு. கொரியத்திலும் அப்படியே இரண்டு தனித்தனி உறுப்புகள். பேசப்படுகிறவருக்கு ஷி, கேட்பவருக்கு யோ. "அபொஜி-கா ஓஷ்யொஸ்ஸொயோ." ஓ என்றால் வா; ஷி, அப்பாவுக்கு மரியாதை; ஒஸ்ஸ், இறந்த காலம்; ஒயோ, கேட்பவருக்கு மரியாதை. ஷியும் ஒஸ்ஸும் சேர்ந்து ஷ்யொஸ்ஸ் ஆகியிருக்கிறது. "நான் வந்தாரு" என்று யாரும் சொல்ல மாட்டோம். அதுபோல நம்மைப் பற்றி நாமே பேசும்போது ஷி வரவே கூடாது.

"நீங்கள்" என்ற சொல்லையும் கூடியவரை தவிர்க்கிறார்கள். பெயரோடு ஷ்ஷி சேர்ப்பார்கள், அல்லது உறவு முறை, பதவிப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அண்ணா, அக்கா, சார் என்று நாம் அழைப்பது போலத்தான். ஆனால் அழைப்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து சொல் மாறும். பெண் தன் அண்ணனை ஓப்பா என்பாள், ஆண் ஹ்யொங் என்பான். பெண் தன் அக்காவை ஒன்னி என்பாள், ஆண் நுனா என்பான்.

செய்து பார், செய்து கொடு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தமிழில் ஒரு வினையெச்சத்தோடு இன்னொரு வினையைச் சேர்த்தால் இரண்டாவது வினை தன் பழைய பொருளை விட்டு வேறு பொருள் தரும். சாப்பிட்டுப் பார் என்றால் கண்ணால் பார்ப்பதைச் சொல்லவில்லை. கொரியத்தில் "மொகொ போஸெயோ". மொகொ, சாப்பிட்டு. போதா, பார். சாப்பிட்டுப் பாருங்கள்.

ஸா ஜுஸெயோ: வாங்கிக் கொடுங்கள். ஜுதா என்றால் கொடு.
மொகொ பொர்யொஸ்ஸொயோ: சாப்பிட்டுவிட்டேன். பொரிதா என்றால் எறிந்துவிடு. விடு என்ற வினைக்கு அடுத்த வீடு.
மொக்கோ இஸ்ஸொயோ: சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். அதே "இரு".
ஸா துதா: வாங்கி வை.

ஆங்கில வழிப் பாடத்தில் இவை ஒவ்வொன்றும் ஒரு தனி அத்தியாயம். நமக்கு ஒரு மாலை நேரம்.

இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் 1886இல் கொரியாவுக்கு ஆசிரியராகப் போன ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நூலே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஜப்பானியம், மங்கோலியம், துருக்கியம் ஆகியவற்றிலும் வினை கடைசியில்தான் வரும், உருபு ஒட்டித்தான் வரும். அம்மா, அப்பா போன்ற சொற்பட்டியல்களில் நேரத்தைச் செலவழிப்பதைவிட அமைப்பில் இருக்கும் ஒற்றுமையைப் பயன்படுத்துங்கள். படிக்கிறவருக்கு அதுதான் லாபம்.

பெயரெச்சம், "என்று"

கட்டுரையின் தொடக்கத்தில் "பார்த்த படம்" என்று ஒன்று வந்ததே, அதுதான் பெயரெச்சம். மொங்னுன் ஸராம், சாப்பிடுகிற ஆள். மொகுன் ஸராம், சாப்பிட்ட ஆள். மொகுல் ஸராம், சாப்பிடப் போகிற ஆள். (முதல் சொல் எழுத்தில் மொக்-னுன், ன வந்து க-வை ங ஆக்கிவிடுகிறது.) எவ்வளவு நீளமான வாக்கியமானாலும் அதைப் பெயரெச்சமாக்கிப் பெயருக்கு முன்னால் வைக்கலாம்.

"என்று" என்பதற்கு நேர், "தாகோ". கன்-தாகோ ஹேஸ்ஸொயோ: போகிறேன் என்று சொன்னார். இடம்கூட மாறவில்லை. இதையெல்லாம் மூன்றாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண்கள், சுருக்கமாக

இரண்டு எண் வரிசை உண்டு. ஹனா, துல், ஸெத் என்பது கொரியரின் சொந்த எண். பொருள்களை எண்ண, வயது சொல்ல, மணி சொல்ல. இல், இ, ஸம் என்பது சீனத்திலிருந்து வந்தது. தேதி, நிமிடம், பணம், தொலைபேசி எண்ணுக்கு. மூன்றரை மணிக்கு, மணி ஒரு வரிசையிலும் நிமிடம் இன்னொரு வரிசையிலும் வரும். சலிக்காமல் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், குறுக்கு வழி இல்லை. கடையில் கேட்கும் வரிசை மட்டும் நம்முடையதே: க்ஹொப்ஹி து ஜன் ஜுஸெயோ, காபி ரெண்டு கப் கொடுங்க.

தினமும் எப்படிப் படிப்பது

முதல் வாரம் எழுத்து மட்டும். தெருப் பெயர்ப் பலகைகளின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசியுங்கள், பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த மூன்று வாரம், மேலே சொன்ன வினைகளை யோ வடிவில் நிகழ்காலம், இறந்த காலம், மறுப்பு என்று திருப்பிக்கொண்டே இருங்கள். தினமும் ஐந்து வாக்கியம் போதும். ஆனால் அன்று நீங்கள் உண்மையில் செய்ததைப் பற்றி எழுதுங்கள். மேலே கொரியம், கீழே தமிழ். எங்கே இரண்டு வரியும் நேராக நிற்கவில்லையோ அங்கே ஒரு வட்டம் போடுங்கள். மாதக் கடைசியில் அந்த வட்டங்களை மட்டும் படித்தால், உங்களுக்கு எது தகராறு என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் எ/எஸொ, னுன்/கா, விடுபட்ட இஎயோ ஆகியவைதான் இருக்கும்.

ஆள் துணை வேண்டும் என்றால் சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ மையம் கொரிய மொழி வகுப்புகள் நடத்துகிறது. தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு டோபிக் (TOPIK) என்ற கொரிய மொழித் திறன் தேர்வு இருக்கிறது. மொத்தம் 6 நிலை. டோபிக் 1 என்ற தாளில் முதல் இரண்டு நிலைகள். கேட்டலும் வாசித்தலும் சேர்த்து 200 மதிப்பெண். 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. இந்தக் கட்டுரையில் இருக்கும் இலக்கணம் முதல் நிலைக்குப் போதுமான அடித்தளம். அதன் மேல் சொற்களைச் சேர்க்க வேண்டும்.

கொரியத் தொடர் பார்க்கிறவர்கள் இன்றைக்கே ஒன்றைக் கவனியுங்கள். பள்ளிக்கோ வேலைக்கோ கிளம்புகிறவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்து "தன்யொ ஓகெஸ்ஸும்னிதா" என்று குரல் கொடுப்பார். தன்யொ, போய்விட்டு. ஓகெஸ்ஸும்னிதா, வருகிறேன். கிளம்புகிறவர் மூத்தவர் என்றால் உள்ளே இருந்து வரும் பதில், "தன்யொ ஓஸெயோ". போயிட்டு வாங்க.